வியாழக்கிழமை தவறாத நட்சத்திரம்

செர்னா ரித் வானாய்வகம், சமையலறை
12 நவம்பர் 1978, ஞாயிறு

அன்புத் தம்பி லாசருக்கு,

அக்கா வெலிச்கா எழுதுவது. நான், என் முழங்கால், பூனை மூவரும் நலம். லிபியாவில் நீயும் உன் வயிறும் உன் மின்கம்பங்களும் எப்படி இருக்கிறீர்கள்? மணல் தின்று பழகிவிட்டதா?

முதலில் ஒரு வெட்கக்கேட்டை ஒப்புக்கொண்டு விடுகிறேன். ஊருக்கு வரும்போது யாரிடமும் உளறித் தொலைக்காதே. சனியின் வளையத்தைத் தொலைநோக்கியில் பார்த்தேன் என்று மூன்று வருடமாக ஊரெல்லாம் சொல்லி வருகிறேன் அல்லவா? பாதிரியாரிடம்கூடச் சொல்லிவிட்டேன். நான் பார்த்தது என் இமைமுடி. ஆய்வகத் தலைவர் பக்கத்தில் நின்று "தெரியுதாம்மா?" என்று கேட்டார், எனக்குப் பின்னால் ஆறு பேர் குளிரில் காத்திருந்தார்கள். "ஆஹா, நல்லாத் தெரியுது" என்று சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து அந்த வளையத்தைக் கீழே விழாமல் காப்பாற்றி வருகிறேன்.

போன வாரம்தான் நிஜமாகவே ஒரு நட்சத்திரம் பார்த்தேன், அதுவும் வெறுங்கண்ணால். காட்டியது இக்லிகா. உனக்கு அவளைத் தெரியாது. இரண்டு வருடமாக இங்கே ஆராய்ச்சி செய்கிறாள், இருபத்தெட்டு வயது, என் பீன்ஸ் சூப்பை மூன்றாவது கிண்ணம் கேட்கும் ஒரே அறிவாளி. முற்றத்தில் நிறுத்தி வைத்துக் கையை நீட்டினாள்.

"நேராப் பார்க்காதீங்க அத்தை, மறைஞ்சிடும். கொஞ்சம் தள்ளி, ஓரக்கண்ணால பாருங்க."

"என் மாமியார் என்னைப் பார்த்த மாதிரியா?"

"அதே மாதிரிதான்."

பார்த்தேன். உப்புக்கல் அளவுக்குத் தெரிந்தது. அது ஒன்று இல்லையாம், இரண்டாம். ஒட்டிக்கொண்டு ஒன்றையொன்று சுற்றுவதால் நமக்கு ஒன்றாகத் தெரிகிறது. ஒரு சுற்றுக்கு ஏழு நாள், அதில் இரண்டு மணி நேரம் குறைவு. அந்த வெளிச்சத்தைப் பட்டையாக இழுத்துக் கண்ணாடித் தகட்டில் பிடிக்கிறாள், ஒரு தகட்டுக்கு இரண்டு மணி நேரம். பட்டை முழுக்கச் சீப்புப் பல்லைப் போலக் கோடுகள், கோட்டுக்கு ஒரு சரக்கு. மற்ற நட்சத்திரங்களில் மோந்து பார்க்கக்கூடக் கிடைக்காத பாதரசம் இதில் கரண்டி கரண்டியாக இருக்கிறதாம். வாரத்தில் ஒரு நாள் மட்டும் அந்தப் பாதரசக் கோடு மங்கிவிடுகிறது, மறுநாள் ஒன்றும் நடக்காதது போல வந்து நிற்கிறது. ஒரு பக்கம் பாதரசம், மறுபக்கம் வெறுமை, அது திரும்பும்போது நமக்கு வெறும் பக்கம் தெரிகிறது என்கிறாள் இவள். மார்ச் கடைசியில் சோஃபியாவில் பெரிய கூட்டம். அங்கே இதைச் சொல்லி நன்றாகப் போனால் அங்கேயே நிரந்தர வேலை. போகாவிட்டால் கோடையோடு ஒப்பந்தம் முடிகிறது, ப்லெவன் ஊரில் பள்ளிக்கூடக் கணக்கு டீச்சர்.

என் வேலை எப்போதும் போலத்தான். பொழுது சாய்ந்ததும் ஜன்னல்களில் கறுப்புக் கம்பளி மாட்டி, வெளி விளக்குகளை அணைத்து, குவிமாட வாசலில் தொங்கும் நோட்டில் ‘விளக்குகள் அணைந்தன’ என்று கையெழுத்துப் போடுவேன். அந்தக் கையெழுத்தைப் பார்த்த பிறகுதான் கூரையைத் திறப்பார்கள். வியாழக்கிழமை ரொட்டி லாரி வரும். விறகுக் கொட்டகையில் நீ மாட்டிக் கொடுத்த நீல விளக்கு இருப்பதால் இந்த வருடம் ஐஸில் வழுக்காமல் இருக்கிறேன். இருக்கிற இன்னொரு மணிக்கட்டையாவது காப்பாற்றினாய்.

வெயிலில் தொப்பி போடு. உன் தலையில் முடி இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு அலையாதே.

உன் அக்கா
வெலிச்கா

---

பெங்காசி அருகே, தொழிலாளர் முகாம்
3 டிசம்பர் 1978

அக்காவுக்கு,

உடம்பு பரவாயில்லை. ரொட்டியில் வரும் மணலைத் தின்கிறோம், தேநீரில் வருவதைத் துப்புகிறோம். முழங்காலுக்கு ஆட்டுக்கொழுப்பு தடவு.

சனி விஷயம் எனக்கு அன்றைக்கே தெரியும். ‘வளையம் கொஞ்சம் சுருட்டையாக இருந்தது’ என்று நீ சொன்னாய்.

இரண்டு கேள்வி கேட்கிறேன். பாதரசம் மங்குகிற அந்த ஒரு நாள் என்ன கிழமை? நான் மாட்டிய விளக்கை எந்தெந்த நாள் போடுகிறாய்? இரண்டுக்கும் பதில் எழுது. வேறு எதுவும் எழுத வேண்டாம், நலம் விசாரிக்கவும் வேண்டாம்.

தொப்பி போட்டுக்கொள்கிறேன்.

லாசர்

---

செர்னா ரித்
22 டிசம்பர் 1978

அன்புத் தம்பிக்கு,

நலம். நலம் விசாரிக்காதே என்று எழுதுகிறாயே, உன்னைப் பெற்றவள் இருந்திருந்தால் காதைத் திருகியிருப்பாள். வயிறு எப்படி இருக்கிறது?

உன் கேள்விகளுக்கு இந்தத் தடவை இடம் போதாது, தாள் சின்னது. ஊரில் பன்றி அறுத்தார்கள். நம் பங்குக்குக் கால் பக்கமும் ஈரலும் வந்தது, ஈரல் மட்டும் ஒன்றேகால் கிலோ. கோஸ் ஊறுகாய் இந்த வருடம் அருமையாகப் புளித்திருக்கிறது. விறகுக் கொட்டகைச் சுவரோரம் பீப்பாயை வைத்திருக்கிறேன், என் இடுப்பைவிட உயரம். பூனை குட்டி போடப் போகிறது என்று நினைக்கிறேன். இல்லாவிட்டால் வெறும் கொழுப்பு.

பதினான்காம் தேதி பனியில் பாதை அடைத்துக்கொண்டது. வியாழக்கிழமை லாரி வரவில்லை. சாயங்காலம் வானம் மட்டும் கழுவி வைத்தது போலத் தெளிந்தது, இக்லிகா தகடு பிடித்தாள். மறுநாள் காலை சமையலறைக்கு வந்தவள் முகத்தில் உயிரே இல்லை.

"நேத்து மங்கியிருக்கணும் அத்தை. மங்கவே இல்லை. கோடு கன்னங்கரேல்னு நிக்குது. தகடு கழுவுறப்ப எங்கேயோ கெட்டுப்போச்சு. இத்தனை வாரத்துல இது ஒண்ணுதான் இப்படி. குப்பையில போட்டுடுங்க."

போடத்தான் எடுத்துப் போனேன். போடவில்லை. துணியில் சுற்றி மாவு டின்னுக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். நல்ல கண்ணாடி, எதற்காவது ஆகும்.

கிறிஸ்துமஸுக்கு அங்கே கோஸ் கிடைக்குமா? கிடைக்காது. உனக்காகவும் சேர்த்து நான் சாப்பிடுகிறேன்.

வெலிச்கா

---

பெங்காசி அருகே
9 ஜனவரி 1979

அக்காவுக்கு,

புத்தாண்டு வாழ்த்து. வயிறு சரியாக இருக்கிறது.

தாள் சின்னது என்று எழுதிய அதே தாளில் பன்றி ஈரலின் எடை வரைக்கும் எழுதியிருக்கிறாய். அதனால் எனக்குப் பதில் கிடைத்துவிட்டது. மங்குகிற கிழமை வியாழன். விளக்குப் போடுகிற கிழமையும் வியாழன்.

அந்த விளக்கின் வயிற்றுக்குள் இருப்பது பாதரச ஆவி. அதுதான் எரிந்து நீலமாகத் தெரிகிறது. நட்சத்திரத்தின் பட்டையில் பாதரசம் எந்த இடத்தில் கறுப்பாகக் குழி தோண்டுகிறதோ, அதே இடத்தில்தான் நம் விளக்கு பளிச்சென்று எரியும். குழியில் மண் போட்டு மூடுவது மாதிரி. பனி பெய்த முற்றம் சும்மா இருக்குமா? வெளிச்சத்தை மேலே தூக்கி அடிக்கும். லாரி வராத வியாழக்கிழமை விளக்கும் இல்லை, கோடும் மங்கவில்லை. நீ மாவு டின்னுக்குப் பின்னால் வைத்திருக்கிறாயே, கெட்டுப்போன தகடு, அது ஒன்றுதான் கெட்டுப்போகாத வியாழக்கிழமை.

இன்னொன்று. முப்பது ரொட்டியும் ஒரு கேஸ் சிலிண்டரும் இறக்கப் பத்து நிமிடம். உன் நட்சத்திர டாக்டரம்மா ஒரு தகட்டுக்கு இரண்டு மணி நேரம் வெளிச்சம் பிடிக்கிறாள் என்றால், பத்து நிமிட விளக்கு இவ்வளவு செய்யாது. மீதி நேரம் விளக்கு எதற்கு எரிந்தது?

அவளிடம் சொல்.

லாசர்

---

செர்னா ரித்
28 ஜனவரி 1979

அன்புத் தம்பி லாசருக்கு,

முழங்கால் நலம். பூனை மூன்று குட்டி போட்டது, ஆக அது கொழுப்பு இல்லை.

சரி, சொல்லித் தொலைக்கிறேன். லாரி ஓட்டுகிறவர் தனாஸ். மனைவி போய் ஆறு வருடம். எனக்கும் கணவர் போய் ஆறு வருடம், அது உனக்கே தெரியும். ரொட்டி இறக்கியதும் பீப்பாய் மூடி மேல் பகடைப் பலகையை வைத்து ஒரு ஆட்டம் ஆடுவோம். ஒன்று இரண்டாகும், இரண்டு மூன்றாகும். அவர் ஏமாற்றுவார், அதனால் வெளிச்சம் வேண்டும். உள்ளே உட்கார்ந்தால் ஆய்வகமே வாய் பார்க்கும். அதனால் வெளியே, கொட்டகை மறைவில். குவிமாடத்திலிருந்து பார்த்தால் கொட்டகையின் முதுகுதான் தெரியும், யாருக்கும் தொந்தரவில்லை என்று நினைத்தேன். தலைவர் முற்றத்துக்கு அனுமதித்தது ஒரு சின்னச் சிவப்பு பல்பு மட்டும்தான். உன் விளக்கின் ஸ்விட்ச் சரக்கறையில் வெங்காய மூட்டைக்குப் பின்னால் இருப்பது உனக்கும் எனக்கும் தவிர யாருக்கும் தெரியாது.

நோட்டில் கையெழுத்துப் போட்ட பிறகுதான் அதைப் போடுவேன். போன இலையுதிர் காலத்திலிருந்து எல்லா வியாழக்கிழமையும்.

டிசம்பரில் இக்லிகா வேறு ஒரு தலைவலியோடு திரிந்தாள். ஒரு சுற்று ஏழு நாளுக்கு இரண்டு மணி குறைவு என்று எழுதினேனே, நினைவிருக்கிறதா? வாரத்துக்கு இரண்டு மணி முந்தினால் டிசம்பர் கடைசிக்குள் அது புதன்கிழமை மங்க வேண்டுமாம். வியாழக்கிழமையை விட மாட்டேன் என்றதாம். கிறிஸ்துமஸ் முடிந்த வாரம் சூப்பைக் கலக்கிக்கொண்டே என்னைப் பார்த்துக் கேட்டாள்:

"வானத்துல இருக்கிற இதுக்கு வியாழக்கிழமைன்னு எப்படித் தெரியும் அத்தை?"

"எனக்கென்ன தெரியும், காலண்டர் வாங்கியிருக்கும்" என்றேன். சிரித்தாள். நான் பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தேன், ஏற்கெனவே தேய்த்த பாத்திரம்.

ஆனால் இனி கவலைப்படாதே. ஜனவரி பிறந்ததிலிருந்து விளக்கைப் போடவில்லை. உன் கேள்விகளைப் படித்தபோதே எனக்குச் சுருக்கென்றது, நான் அவ்வளவு மக்கு இல்லை. தனாஸ் "பகடைல என்ன விழுந்ததுன்னு எப்படித் தெரியும்?" என்றார். "தடவிப் பாருங்க" என்றேன். விஷயம் முடிந்தது. அவளிடம் சொல்லி எதற்கு அவள் மனதையும் கெடுக்க வேண்டும்?

பூனைக்குட்டி ஒன்றுக்கு உன் பெயர் வைத்திருக்கிறேன். வழுக்கையாக இருக்கிறது.

வெலிச்கா

---

பெங்காசி அருகே
15 பிப்ரவரி 1979

அக்காவுக்கு,

தனாஸா? 1961இல் மாவு லாரியை ஓடைக்குள் இறக்கிவிட்டு, ‘ஓடை இடம் மாறிவிட்டது’ என்று சொன்ன அதே தனாஸா? சரி. அது உன் இஷ்டம். நான் ஒன்றும் சொல்லவில்லை. பகடையில் அவன் ஏமாற்றுவான் என்பது உண்மை.

விஷயம் முடியவில்லை அக்கா. இப்போதுதான் மோசமாகியிருக்கிறது. மூன்று மாதம் வியாழக்கிழமை மங்கிய கோடு ஜனவரியிலிருந்து மங்காது. அவளுக்குக் காரணம் தெரியாது. நீ விளக்கை அணைத்துவிட்டாய், அவள் இருட்டில் நிற்கிறாள்.

விளக்கை மாட்டியது நான், தலைவரிடம் கேட்காமல் மாட்டியது நான். என் பெயரைச் சொல். வேலை போனால் நான் இருக்கிறேன்.

வேறு எழுதுவதற்கில்லை. வெயில் ஆரம்பித்துவிட்டது.

லாசர்

---

செர்னா ரித்
4 மார்ச் 1979

அன்புத் தம்பிக்கு,

நலமா என்று கேட்டு எழுதுகிறேன், என்னைக் கேட்காதே.

உன் கடிதம் வருவதற்கு முன்பே நீ எழுதியதெல்லாம் இங்கே நடந்துகொண்டிருந்தது. நான்தான் எழுதவில்லை. ஜனவரி நடுவிலிருந்து அந்தப் பெண் சரியாகச் சாப்பிடவில்லை. நட்சத்திரம் நின்றுவிட்டது என்றாள். பிறகு கருவி கெட்டுவிட்டது என்று முழுதும் கழற்றி, ஒவ்வொரு கண்ணாடியாகத் துடைத்து, திரும்ப மாட்டினாள். அதன் பிறகு தன் கைதான் கெட்டுவிட்டது என்றாள். போன வாரம் என் முன்னால் உட்கார்ந்து இரண்டு கையையும் மேஜை மேல் விரித்து வைத்தாள்.

"பாருங்க அத்தை, நடுங்குதா?"

"இல்லையே."

"நடுங்கணும். எங்கேயோ நான்தான் தப்புப் பண்றேன். மூணு மாசம் ஒழுங்காத் தெரிஞ்சது இப்ப ஏன் தெரியலை? கூட்டத்துல என்ன சொல்றது? நான் பார்த்தேன், இப்ப காணோம்னா? அப்பா சொன்னது சரிதான், பேசாம டீச்சர் வேலைக்குப் போயிருக்கலாம்."

தம்பி, என்னால் கிண்டல் செய்து சமாளிக்க முடியாத இடம் ஏதாவது இருந்ததா சொல். அப்பா செத்த வீட்டில்கூட நான் யாரையோ சிரிக்க வைத்தேன். அன்று மட்டும் முடியவில்லை. சூப் ஊற்றினேன்.

முதல் தேதி அவள் மணிக்கட்டில் சிவப்பு வெள்ளை நூல் கட்டினேன், வசந்தம் வரட்டும் என்று வருடா வருடம் கட்டுவதுதான். அன்று வியாழக்கிழமை. முடிச்சைப் போட்டுக்கொண்டே சொல்லிவிட்டேன். முகத்தைப் பார்த்தால் சொல்ல முடியாது, முடிச்சைப் பார்த்துச் சொன்னேன்.

"கொட்டகைல ஒரு விளக்கு இருக்கு. நீலமா எரியும். அதுக்குள்ள பாதரசம். வியாழக்கிழமை வியாழக்கிழமை நான்தான் போட்டேன்."

கையை இழுக்கவில்லை.

"எவ்வளவு நேரம்?"

"ரெண்டு மணி நேரம். சில நாள் கூட."

"நோட்டுல கையெழுத்து இருக்கே அத்தை."

"இருக்கு."

"உங்க கையெழுத்து."

"ஆமா."

"எப்பலேர்ந்து தெரியும்?"

இதுதான் நான் பயந்த கேள்வி. டிசம்பரிலிருந்து என்று சொன்னேன். அப்போதுதான் கையை எடுத்துக்கொண்டாள். விளக்குப் போட்டதற்கு அவள் அவ்வளவு கோபப்படவில்லை என்று நினைக்கிறேன். கையை விரித்து வைத்து நடுங்குகிறதா என்று கேட்டபோது நான் இல்லை என்று மட்டும் சொன்னேனே, அதற்குத்தான்.

மாவு டின்னுக்குப் பின்னாலிருந்து தகட்டை எடுத்துக் கொடுத்தேன். வாங்கினாள், துணியைப் பிரித்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள், போய்விட்டாள். அன்றிலிருந்து தட்டை வாங்கிக்கொண்டு அறைக்குப் போகிறாள். காலி தட்டை வாசலில் வைக்கிறாள், கழுவி. நான் கழுவ வேண்டாமென்று கழுவி வைக்கிறாள், லாசர்.

தலைவரிடம் நானே போய்ச் சொன்னேன். உன் பெயரைச் சொல்லவில்லை, விளக்கு தானே முளைத்தது என்று அவர் நினைத்தால் நினைத்துக்கொள்ளட்டும். கம்பியை வெட்டச் சொன்னார். மூன்று வரி விளக்கம் எழுதித் தரச் சொன்னார், எழுதினேன். ‘பகடை’ என்ற சொல்லைப் படித்தபோது மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். வேலை போகவில்லை. இந்த உயரத்துக்கு வந்து சமைக்க வேறு ஆள் கிடைக்காதாம்.

நூலை அவள் இன்னும் கழற்றவில்லை. தட்டு வாங்கும்போது கைச்சட்டைக்குள்ளிருந்து தெரிகிறது. நேராகப் பார்ப்பதில்லை, ஓரக்கண்ணால்தான் பார்க்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

வெலிச்கா

---

செர்னா ரித் வானாய்வகம்
6 மார்ச் 1979

மதிப்பிற்குரிய திரு. லாசர் அவர்களுக்கு,

நலம் விழைகிறேன். உங்கள் முகவரியை உங்கள் அக்காவின் சரக்கறைக் கதவில் ஒட்டியிருந்த உறையிலிருந்து எடுத்தேன். விளக்கை மாட்டியது நீங்கள் என்று அவர் சொல்லவில்லை. வேறு யாராகவும் இருக்க முடியாது.

அது எந்த வகை, எத்தனை வாட், கண்ணாடியின் உட்புறம் வெள்ளைப் பூச்சு உண்டா என்று எழுதினால் உதவியாக இருக்கும். நான் படம் பிடித்த பட்டை மிகக் குறுகியது. இன்னும் சற்று அகலமாகப் பிடித்திருந்தால் விளக்கின் மற்ற கோடுகளும் விழுந்திருக்கும், முதல் வாரமே தெரிந்திருக்கும். அது என் தவறு. வியாழக்கிழமையை விடாத நட்சத்திரத்தை நம்பியதும் என் தவறு. லாரி வராத நாளின் தகட்டை எறியச் சொன்னது எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு. எனக்குப் பிடித்த பதிலைச் சொல்லாததால் எறிந்தேன்.

கூட்டத்தில் இதையெல்லாம் நானே சொல்லப் போகிறேன்.

ஒரு சொந்தக் கேள்வி, பதில் எழுதாவிட்டாலும் பரவாயில்லை. உங்கள் அக்கா எப்போதாவது தானாக வந்து ஒரு விஷயத்தை ஒப்புக்கொண்டதுண்டா?

இக்லிகா

---

பெங்காசி அருகே
23 மார்ச் 1979

மரியாதைக்குரிய டாக்டர் அம்மாவுக்கு,

வணக்கம். இங்கே நலம்.

இருநூற்றைம்பது வாட். உட்புறம் பூச்சு உண்டு. ஐஸில் விழுந்து அக்காவின் மணிக்கட்டு உடைந்த வாரம் மாட்டினேன். தலைவரிடம் கேட்டிருக்க வேண்டும். கேட்டால் வேண்டாம் என்பார் என்று தெரிந்ததால் கேட்கவில்லை.

கடைசிக் கேள்விக்குப் பதில்: இல்லை. எனக்கு ஐந்து வயதாக இருந்தபோது என் மர லாரியை அடுப்பில் போட்டாள். அதை இன்றுவரை மரப்புழு தின்றது என்றுதான் சொல்கிறாள். உங்களிடம் சொன்னதுதான் முதல் தடவை.

லாசர்

---

செர்னா ரித்
8 ஏப்ரல் 1979, ஞாயிறு

அன்புத் தம்பி லாசருக்கு,

நான் நலம், முழங்கால் சுமார். வழுக்கைக் குட்டிக்கு முடி முளைத்துவிட்டது, உனக்கு நம்பிக்கை வரட்டும் என்று எழுதுகிறேன். மர லாரி விஷயத்தை ஊர் பேர் தெரியாத பெண்ணுக்கு எழுதியிருக்கிறாய். அது மரப்புழுதான்.

கூட்டம் மார்ச் இருபத்தெட்டாம் தேதி நடந்தது. இக்லிகா போய் மேடையில் நின்று, ‘நட்சத்திரத்தில் பாதரசம் மறைகிறது என்று அறிவிப்புக் கொடுத்திருந்தேன், மறைத்தது எங்கள் முற்றத்து விளக்கு’ என்று சொல்லியிருக்கிறாள். சிரித்தார்களாம். ஒரு நிமிடம் நன்றாகவே சிரித்தார்களாம். என் பெயரைச் சொல்லவில்லை. சோஃபியா வேலை வேறு ஒருவனுக்குப் போய்விட்டது. அவனும் நல்ல பையன்தான் என்கிறாள், சொல்லும்போது சுவரைப் பார்த்தாள்.

தலைவர் ஒப்பந்தத்தை இன்னும் ஒரு வருடத்துக்கு நீட்டியிருக்கிறார். எல்லாத் தகட்டையும் முதலிலிருந்து பிடிக்க வேண்டும். பாதரசம் நிஜம்தான், கரண்டி கரண்டியாக, அது எங்கேயும் போகவில்லை. யாருக்கும் அதில் செய்தி இல்லை, அவ்வளவுதான்.

பொழுது சாய்ந்ததும் நான் விளக்குகளை அணைத்துவிட்டு வருகிறேன். எனக்குப் பின்னாலேயே அவள் ஒரு சுற்று வந்து ஒவ்வொரு ஜன்னலாகக் கம்பளியை இழுத்துப் பார்க்கிறாள். அதன் பிறகுதான் கூரையைத் திறக்கிறாள். முன்பெல்லாம் என் கையெழுத்து போதும். தன் பின்னால் ஒரு ஆள் சுற்றி வருவது எப்படி இருக்கும் என்று எனக்கு இப்போது தெரியும்.

வியாழக்கிழமை சாயங்காலம் சமையலறைக்கு வந்தாள். அவள் இங்கே வந்து ஒரு மாதத்துக்கு மேலாகிறது. உட்காரவில்லை, வாசலிலேயே நின்றாள்.

"அந்த விளக்கு உடையாம வேணும் அத்தை. அதையும் படம் பிடிச்சுத் தகடுகளோட பக்கத்துல வைக்கணும். யாராவது இறக்கித் தர முடியுமா?"

"தனாஸ் இருக்கார்."

"அவர் பகடை ஆடுறவராச்சே."

"ஏணியும் ஏறுவார்."

சிரித்தாளா என்று தெரியவில்லை, இருட்டு. தனாஸ் லாரியை நிறுத்திவிட்டு வந்து, ரொட்டியை இறக்கி, பகடைப் பலகைக்காகப் பீப்பாய் மூடியைத் தூக்கிக்கொண்டு போய்ச் சமையலறையில் வைத்தார். இப்போது உள்ளேதான் ஆடுகிறோம், ஆய்வகம் வாய் பார்த்தால் பார்க்கட்டும். பிறகு ஏணியைக் கொட்டகைச் சுவரில் சாய்த்தார். டார்ச் கேட்டார். டார்ச் கூடாது என்று நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் சொன்னோம், கூரை திறந்திருந்தது. தடவித் தடவி ஏறி, விளக்கைக் கழற்றி, இறங்கும்போது ஒரு படி குறைவாக எண்ணினார்.

பீப்பாய்க்குள் நின்றார். கோஸ் அவருக்கு இடுப்புக்கு மேல் இருந்தது. விளக்கை இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தார். விளக்குக்கு ஒன்றும் ஆகவில்லை. "புளிப்பு சரியா இருக்கு" என்றார். நானும் இக்லிகாவும் ஆளுக்கொரு கக்கத்தைப் பிடித்து இழுத்தோம், ஒரு பூட்ஸ் உள்ளேயே தங்கிவிட்டது. மேலே இருந்த கோஸை எடுத்து எறிந்துவிட்டேன். அடியில் இருந்ததை நேற்றிலிருந்து சாப்பிடுகிறோம், தலைவர் இரண்டாம் முறை கேட்டார்.

அவள் விளக்கை வாங்கிக்கொண்டு குவிமாடத்துக்குப் போனாள். கொஞ்ச நேரம் கழித்து நான் அந்தப் பக்கம் போனபோது வாசலில் நோட்டுத் தொங்கியது. அன்றைய பக்கத்தில் அவள் கையெழுத்தில் இப்படி இருந்தது:

‘5 ஏப்ரல், வியாழன். இரவு 8.10. வானம் தெளிவு. ஓட்டுநர் பீப்பாய்க்குள். விளக்குகள் அணைந்திருந்தன.’

அதன் கீழே எனக்கு இடம் விட்டிருந்தாள். கையெழுத்துப் போட்டேன்.

அவருடைய பூட்ஸ் இன்னும் கிடைக்கவில்லை.

உன் அக்கா
வெலிச்கா